குடியிருப்போர் நலச் சங்கம்: அக்கம்பக்கத்தார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தாம்பரம் பக்கத்தில் ஒரு நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தில் பல வருஷமாக இருக்கிறேன். முதலில் வெறும் உறுப்பினர், அப்புறம் பொருளாளர், இப்போது செயலாளர். புதிதாகக் குடிவருகிறவர்களும், பல வருஷமாக இங்கேயே இருந்தும் கூட்டத்துக்கு வராதவர்களும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கடைவாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் பயன்படும் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில், அதிலும் சென்னைப் புறநகரில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

சங்கம் சங்கம்னு சொல்றீங்களே, அது அரசாங்கத்தோட அமைப்பா?

இல்லை. ஒரு நகரிலோ சில தெருக்களிலோ குடியிருப்பவர்கள் தாங்களாகவே சேர்ந்து வைத்துக்கொள்வது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யப்பட்டிருக்கும், அவ்வளவுதான் அரசாங்கத் தொடர்பு. தலைவர், செயலாளர், பொருளாளர் யாருக்கும் சம்பளம் கிடையாது. ரோடு போடுகிற அதிகாரமும் இல்லை, யாருக்கும் அபராதம் போடுகிற அதிகாரமும் இல்லை.

அப்புறம் எதற்கு என்றால், ஒரு வீட்டுக்காரர் போய்க் கேட்பதற்கும் எண்பது வீட்டின் சார்பாக லெட்டர்ஹெட்டில் கேட்பதற்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதை வேறு. அதோடு, அரசாங்கம் வந்து செய்யும் வரை காத்திருக்க முடியாத வேலைகள் தெருவில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். 1989-ல் எம்.பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தொடங்கியபோது நடந்தது இதுதான். தெருமுனைத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்த காலத்தில், தெருவாசிகள் மாதம் ஒரு சின்னத் தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒரு ஆளை வைத்து, வீடு வீடாகக் குப்பை எடுக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த ஆளை 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்' என்று கூப்பிட்டார்கள். வீட்டு வாசலுக்கே வந்து குப்பை வாங்குவது இன்று நமக்குச் சாதாரணமாகிவிட்டது, அன்றைக்குச் சென்னையின் பல தெருக்களில் அதைச் செய்துகாட்டியவர்கள் குடியிருந்தவர்களேதான்.

எங்க ஏரியாவுல சங்கம் இருக்கான்னே தெரியலையே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நகரின் நுழைவாயிலில் பெயர்ப்பலகை இருந்தால் அதன் அடியில் பாருங்கள், பெரும்பாலும் 'பதிவு எண்' என்று ஒரு வரி இருக்கும். இல்லையென்றால் பழைய மளிகைக் கடை, இஸ்திரிக் கடை, தண்ணீர் கேன் போடுபவர், இவர்களில் யாராவது ஒருவருக்குச் செயலாளர் வீடு கட்டாயம் தெரிந்திருக்கும். கவுன்சிலர் அலுவலகத்திலும் சங்கங்களின் பட்டியல் வைத்திருப்பார்கள்.

பலகை மட்டும் இருந்து ஆட்களே இல்லாத சங்கங்களும் உண்டு. அப்படி இருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள். பழைய பொறுப்பாளர்களைப் பார்த்துப் பேசி, பதிவுச் சான்றிதழையும் கணக்குப் புத்தகத்தையும் வாங்கி, அதையே உயிர்ப்பிப்பது நல்லது. ஒரே நகரில் இரண்டு சங்கம் வந்துவிட்டால் அதிகாரிகள் இரண்டையுமே கண்டுகொள்ள மாட்டார்கள்.

நான் வாடகைக்குத்தான் இருக்கேன். என்னைச் சேர்த்துப்பாங்களா?

சங்கத்தின் விதிமுறை, அதாவது பைலா, என்ன சொல்கிறதோ அதைப் பொறுத்தது. சில பைலாவில் 'வீட்டு உரிமையாளர்' என்று இருக்கும், சிலவற்றில் 'குடியிருப்பவர்' என்று இருக்கும். எங்கள் பைலாவிலும் முதலில் உரிமையாளர் என்றுதான் இருந்தது, பொதுக்குழுவில் பேசித் திருத்தினோம். வாக்குரிமை இல்லாத துணை உறுப்பினர் என்று சேர்த்துக்கொள்ளும் சங்கங்களும் இருக்கின்றன.

என் கருத்தைக் கேட்டால், குடியிருப்போர் சங்கம் என்று பெயர் வைத்துவிட்டு அங்கே குடியிருக்கிறவரை வெளியே நிறுத்துவது நியாயமே இல்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் இருட்டில் நடப்பது வாடகைக்காரரும்தான், சாக்கடை அடைத்தால் கீழ்வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பதும் பெரும்பாலும் அவர்தான். வெளியூரில் இருக்கும் உரிமையாளரை விட அவருக்குத்தான் தெரு நன்றாகத் தெரியும். சேர்க்க மறுத்தால் பைலாவைக் காட்டச் சொல்லுங்கள். பைலாவில் தடையில்லாமல் வெறும் வழக்கமாக மட்டும் இருந்தால், அந்த வழக்கத்தை மாற்றச் சொல்லிக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

சந்தா எவ்வளவு? அந்தக் காசு எங்க போகுது?

ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. தனி வீடுகள் இருக்கும் நகர்களில் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய், கேட் போட்டுக் காவலர் வைத்திருக்கும் இடங்களில் மாதச் சந்தாவே அதிகமாக இருக்கும். எங்கே போகிறது என்றால்: காவலர் சம்பளம், கேமரா பராமரிப்பு, பூங்காவுக்குத் தண்ணீர், மழைக்கு முன் கால்வாய் அடைப்பு எடுக்கும் கூலி, ஆடிட்டர் கட்டணம், பொங்கல் விழா.

ரசீது கொடுக்காத சங்கத்துக்குச் சந்தா கொடுக்காதீர்கள். பத்து ரூபாயாக இருந்தாலும் ரசீது வேண்டும். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, காசோலையில் குறைந்தது இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறார்களா என்றும் கேளுங்கள். இதைக் கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, பொருளாளராக இருந்தபோது இந்தக் கேள்வி கேட்டவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சொத்து வரி கட்டுறோமே, அப்புறம் சங்கத்துக்கும் ஏன் தரணும்?

வரி கட்டுவது மாநகராட்சி செய்ய வேண்டிய வேலைக்கு, அந்த வேலையைச் சங்கம் தன் காசில் செய்யவும் கூடாது. ரோட்டுப் பள்ளத்தைச் சங்கப் பணத்தில் நிரப்பினால் அடுத்த வருஷமும் நீங்களே நிரப்புங்கள் என்று விட்டுவிடுவார்கள். கட்டிய வரிக்கான வேலையை வாங்கித் தருவதற்கு அலைய வேண்டியிருக்கிறதே, அந்த அலைச்சலுக்கும், மேலே சொன்ன கூடுதல் செலவுகளுக்கும்தான் சந்தா.

வாரத்துல ஆறு நாள் வேலை, வீட்டுக்கு வரவே ராத்திரி ஒன்பது ஆகுது. என்னால என்ன செய்ய முடியும்?

எல்லா வேலையும் தலைவர், செயலாளர் வேலை மாதிரி நேரத்தைத் தின்பவை அல்ல. ராத்திரி வரும்போது எந்தெந்த விளக்குக் கம்பம் எரியவில்லை என்று கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணோடு குறித்து அனுப்பினால் அதுவே பெரிய உதவி, பகலில் வீட்டில் இருக்கும் எங்களுக்கு அது தெரியவே தெரியாது. கணக்கு தெரிந்தவர் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரவு செலவைச் சரிபார்க்கலாம். தமிழில் நன்றாக எழுதத் தெரிந்தவர் மனு எழுதித் தரலாம். தொழில்முறையில் மின்சாரமோ சிவில் வேலையோ தெரிந்தவர் இருந்தால், ஒப்பந்ததாரர் போடுகிற வடிகாலின் சரிவு சரியா என்று பத்து நிமிஷம் பார்த்துச் சொல்லலாம். எங்கள் தெருவில் அப்படி ஒருவர் பார்த்துச் சொன்னதால்தான் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடும்படி வெட்டியிருந்தது கான்கிரீட் போடும் முன்பே தெரியவந்தது.

தெருவைத் தாண்டியும் செய்ய ஆசை இருந்தால், கோயம்புத்தூரில் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் 2017-லிருந்து செய்துவந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குளத்தைச் சுத்தம் செய்யும் குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களும்தான் அதில் அதிகம் வருகிறார்கள்.

வாட்ஸ்அப் குரூப்ல இருக்கேன். அது போதாதா?

தகவலுக்குப் போதும், முடிவெடுக்கப் போதாது. குரூப்பில் ஐம்பது பேர் கட்டைவிரல் காட்டினாலும் அது தீர்மானம் ஆகாது. கூட்டம் கூட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதினால்தான் தீர்மானம். வங்கியோ பதிவாளர் அலுவலகமோ கேட்பது அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான்.

இன்னொன்று, குரூப்பில் 'சங்கம் என்ன செய்கிறது?' என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடுவது சுலபம். அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் வந்து கேளுங்கள். அங்கே கேட்டால் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் வரும்.

கூட்டத்துக்கு வந்தா ரிட்டயர்ட் ஆன ஆம்பளைங்கதான் இருக்காங்க. நான் வந்து என்ன பேசுறது?

இதை ஒரு அக்கா என்னிடம் நேரடியாகக் கேட்டார், நியாயமான கேள்வி. ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம் இருக்கிறது, அதனால் அவர்கள் வருகிறார்கள். ஆனால் தண்ணீர் லாரி எப்போது வருகிறது, குப்பை வண்டி எந்தத் தெருவை விட்டுவிட்டுப் போகிறது, பள்ளி விடும் நேரத்தில் எந்த முனையில் வண்டிகள் முட்டிக்கொள்கின்றன, எந்தச் சந்தில் பெண்பிள்ளைகள் நடக்கப் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாதிதான் தெரியும்.

கூட்டத்தின் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஞாயிறு காலை பத்து மணி என்பது சமையலறையில் யார் நிற்கிறார்கள் என்று யோசிக்காமல் வைத்த நேரம். நாங்கள் மாலை ஐந்து மணிக்கு மாற்றி, மொட்டை மாடியிலிருந்து பூங்காவுக்குக் கொண்டுவந்த பிறகு வரும் பெண்களின் எண்ணிக்கை தெளிவாகக் கூடியது, குழந்தைகள் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருக்கும் என்பதும் ஒரு காரணம். ஒருவராக வரத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். செயற்குழுவில் பெண்களுக்கு இத்தனை இடம் என்று பைலாவிலேயே எழுதிவைக்கலாம்.

எங்க பக்கம் சங்கமே இல்லை. ஆரம்பிக்க எத்தனை பேர் வேணும்?

சட்டப்படி ஏழு பேர் போதும். ஏழு பேரும் சேர்ந்து சங்கத்தின் நோக்கங்களையும் பைலாவையும் எழுதி, அடையாளச் சான்று, முகவரிச் சான்றோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பத்திரப் பதிவுக்குப் போகிறோமே, அதே பதிவுத்துறையின் கீழ்தான் இதுவும் வருகிறது. செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அவர்களின் பதவிக்காலம் மூன்று வருஷத்தைத் தாண்டக் கூடாது. திரும்பத் தேர்ந்தெடுக்கப்படலாம்.

பைலாவை வேறொரு சங்கத்திடமிருந்து வாங்கி அப்படியே நகல் எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில்தான் பிரச்சினையே வருகிறது. யார் உறுப்பினர், கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தால் செல்லும், தேர்தல் எப்படி, எவ்வளவு ரூபாய்க்கு மேல் செலவு செய்தால் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும் என்ற நான்கையும் வரி வரியாகப் படித்து உங்கள் நகருக்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள். பின்னால் வருகிற சண்டையில் பெரும்பாலானவை இந்த நான்கில்தான்.

பதிவுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு காரியத்தைச் சேர்ந்து செய்து முடியுங்கள், ஒரு மின்கம்பத்தை மாற்ற வைப்பது போலச் சின்னதாக இருந்தாலும் சரி. சேர்ந்து வேலை செய்து பார்க்காத ஏழு பேர் கையெழுத்துப் போட்டுத் தொடங்கிய சங்கம் முதல் வருஷத்திலேயே நின்றுபோகிறது.

பதிவு பண்ணியே ஆகணுமா? நாங்க பத்துப் பதினைஞ்சு வீடுதான்.

இருபது உறுப்பினர்களோ அதற்கு மேலோ இருந்தாலும், அல்லது வருஷ வரவோ செலவோ பத்தாயிரம் ரூபாயைத் தொட்டாலும் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்த 1975 சட்டம். அதற்குக் கீழே என்றால் தெருக் குழுவாகவே இருக்கலாம். ஆனால் வங்கிக் கணக்கு தொடங்கவும் பூங்காவைப் பராமரிக்க எடுத்துக்கொள்ளவும் பதிவு கேட்பார்கள். பதிவு செய்தால் வருஷா வருஷம் பொதுக்குழு நடத்துவது, கணக்குத் தாக்கல் செய்வது என்று கடமைகளும் வந்துவிடும், அதற்கு ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அபார்ட்மென்ட் அசோசியேஷனும் இதுவும் ஒண்ணா?

இல்லை. அது கட்டடத்தின் பொது இடங்களுக்குச் சொந்தக்காரர்கள் சேர்ந்தது. லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 2022-ன் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் தெருவுக்கான நலச் சங்கத்திலும் சேரலாம், சேரவும் வேண்டும். கேட்டுக்கு வெளியே இருப்பதும் அவர்கள் நடக்கிற ரோடுதானே.

பகுதி சபை, வார்டு கமிட்டின்னு பேப்பர்ல வருதே, அதெல்லாம் என்ன?

அவை அரசு அமைப்புகள், சட்டப்படி உங்களுக்கு அங்கே இடம் உண்டு. கிராமத்தில் கிராம சபை இருப்பதைப் போல நகரத்தில் மக்கள் பேச ஒரு சபை வேண்டும் என்ற கோரிக்கை ரொம்ப நாளாக இருந்தது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022-ல் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன, தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதி. அந்தப் பகுதியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதில் கலந்துகொண்டு பேசலாம். வார்டு கமிட்டிக்குக் கவுன்சிலர் தலைவர், பகுதிக்கு ஒருவர் என்று பிரதிநிதிகளும் இருப்பார்கள்.

நடைமுறையில், கூட்டம் நடக்கும் தகவலே பல பேருக்கு வந்து சேருவதில்லை, வந்தாலும் ஏற்கெனவே எழுதி வைத்த பட்டியலைப் படித்துவிட்டு முடித்துவிடுகிற இடங்களும் உண்டு. அதனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். தெருவிலிருந்து நான்கைந்து பேர் எழுதிய மனுவோடு போய், அது குறிப்பேட்டில் ஏறுகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

வாடகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே கணக்கு வாக்காளர் பட்டியல்தான், சொந்த வீடு இருக்கிறதா என்பது பேச்சே இல்லை. வீடு மாறியதும் படிவம் 8 கொடுத்து ஓட்டை இந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாங்க இன்னும் பஞ்சாயத்துதான், மாநகராட்சியில சேரல. எங்களுக்கு?

உங்களுக்குக் கிராம சபை இருக்கிறது, பகுதி சபையை விடப் பழையது, பலமும் அதிகம். வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புறநகரில் புதிய லேஅவுட்டுகளில் குடிவந்தவர்கள் 'அது ஊர்க்காரங்க கூட்டம்' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஊராட்சியின் வாக்காளர் என்றால் நீங்களும் ஊர்க்காரர்தான்.

கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை உண்டு, மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டிய ஊராட்சியில் முந்நூறு பேர். அதனால் வந்ததுமே கையெழுத்து வாங்குவதில் குறியாக இருப்பார்கள். வருகைக்குக் கையெழுத்துப் போடுங்கள், தீர்மானத்துக்குக் கீழே மட்டும் அது எழுதி முடித்துச் சத்தமாக வாசித்த பிறகு போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் மறுக்கலாம். வரவு செலவு அறிக்கையைக் கேட்பதும் உங்கள் உரிமை.

மனு கொடுத்தா குப்பைக்குத்தான் போகுது. எப்படிக் கொடுத்தா வேலை நடக்கும்?

ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். ரோடு, விளக்கு, நாய், சாக்கடை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் அது நான்கு பிரிவுக்குப் போக வேண்டிய தாள், எந்தப் பிரிவும் எடுக்காது. எழுதும்போது 'எங்கள் பகுதியில் விளக்கு எரிவதில்லை' என்று எழுதக் கூடாது. எந்தத் தெரு, எந்த வீட்டு எண்ணுக்கு எதிரில், கம்பத்தின் எண் என்ன, எந்தத் தேதியிலிருந்து, இதற்கு முன் கொடுத்த புகாரின் எண் என்ன என்று எழுத வேண்டும். புகைப்படத்தை அச்செடுத்து இணையுங்கள். இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

சென்னை மாநகராட்சிக்குள் 1913-ல் புகார் சொன்னால் எண் தருவார்கள், மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987, மாநில அளவில் முதல்வரின் உதவி மையம் 1100. இவற்றில் பதிந்த எண்ணை மனுவிலும் எழுதுங்கள்.

ஒன்றும் நடக்காவிட்டால் 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'இந்தத் தேதியில் கொடுத்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்புக் குறிப்புகளின் நகல் தரவும்' என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். சட்டம் 'குடிமக்கள்' என்றுதான் சொல்கிறது, ஆகவே சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் கேட்காமல் ஒரு உறுப்பினர் தன் சொந்தப் பெயரில் கேட்பது நல்லது. பல சமயம் இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததுமே ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

லேஅவுட்ல பார்க்னு காட்டின இடத்துல இப்ப ஷெட் போட்டிருக்காங்க. சங்கம் என்ன செய்ய முடியும்?

முதலில் தாளைப் பிடியுங்கள். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில் பத்து சதவீத இடத்தைப் பொதுவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்று சொல்வது இதைத்தான். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை, மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசு அலுவலகங்களான சி.எம்.டி.ஏ.விலோ டி.டி.சி.பி.யிலோ வாங்குங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இரண்டும் கையில் இருந்தால் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி ஆணையருக்கு மனு, பதில் இல்லையென்றால் நீதிமன்றம்.

அகற்றிய பிறகு சும்மா விட்டால் திரும்ப வந்துவிடும். உடனே வேலி, பலகை, நான்கு மரக்கன்று, குழந்தைகளுக்கு ஒரு ஊஞ்சல். ஆட்கள் புழங்கும் இடத்தை யாரும் சுலபமாக எடுத்துக்கொள்ள முடியாது.

'நமக்கு நாமே' திட்டத்துல நாம பணம் போட்டா அரசாங்கமும் போடும்னு சொல்றாங்களே?

ஆமாம். பூங்கா, நூலகம், குளம் சீரமைப்பு போன்ற வேலைகளுக்குப் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். சங்கமோ, தனி நபரோ, நிறுவனமோ கட்டலாம். வேலையின் மதிப்பீட்டை உள்ளாட்சிப் பொறியாளர்தான் போட வேண்டும், அதனால் முதலில் அவரிடம் பேசிவிட்டு அப்புறம் வசூலுக்குக் கிளம்புங்கள்.

கேமரா போடணும்னு காசு கேக்குறாங்க. கொடுக்கலாமா?

கொடுக்கலாம், சில கேள்விகளைக் கேட்டுவிட்டு. சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று பிரசாரம் செய்த பிறகு தெருத்தெருவாகக் கேமரா வந்தது, அதில் பாதிக்கு மேல் இப்போது ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும். பதிவு எந்த வீட்டில் இருக்கும், யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், பழுதானால் யார் செலவு என்று கூட்டத்தில் எழுதி வாங்குங்கள். ஒருவர் வீட்டு வாசலையோ படுக்கையறை ஜன்னலையோ பார்த்தபடி கேமரா இருக்கக் கூடாது.

மழை வெள்ளம் வந்தா சங்கம் என்ன பண்ணும்? படகு வச்சிருக்கீங்களா?

படகு இல்லை, ஆனால் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீடுகள் மூழ்கியபோது, யார் எந்த வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே மீட்க வந்தவர்களுக்குத் தெரியவில்லை. தெருவில் இருந்தவர்கள்தான் வழிகாட்டினார்கள். அதற்கப்புறம்தான் எங்கள் பக்கத்துச் சங்கங்கள் பல விழித்துக்கொண்டன.

செப்டம்பர் கடைசியில் எங்கள் தெருப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகப் போய் எழுதுவது இது: வீட்டில் எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார், கர்ப்பிணி, கைக்குழந்தை உண்டா, இன்சுலின் குளிரில் வைக்க வேண்டியவர் யார், டயாலிசிஸுக்குப் போகிறவர் யார். எதிர்ப்பக்கத்தில், மாடி வீட்டுக்காரர்களில் யார் கீழ்வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள், யாரிடம் டீசல் மோட்டார் இருக்கிறது, யாரிடம் இன்வெர்ட்டர். செல்போன் டவர் போய்விடும் என்பதால் இது தாளில்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு வெவ்வேறு வீட்டின் மாடியில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முதலில் யாரைத் தூக்குவது என்று யாரும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை, பட்டியலைப் பார்த்தே போனோம். இந்தப் பட்டியலில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், கட்டுமானக் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள் பெயரும் இருக்க வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் விட்டுவிடுவது அவர்களைத்தான்.

சங்கத்துல கட்சிக்காரங்க புகுந்துட்டா?

கட்சியில் இருப்பவரும் குடியிருப்பவர்தான், சேரலாம், பொறுப்புக்கும் வரலாம். கரை வேட்டியோடு கூட்டத்துக்கு வருவதில்கூட எனக்கு ஆட்சேபணை இல்லை. சங்கத்தின் பலகை, லெட்டர்ஹெட், பணம் மூன்றும் எந்தக் கட்சிக்கும் போகக் கூடாது என்பதுதான் கோடு. தேர்தல் நேரத்தில் எல்லா வேட்பாளர்களையும் கூப்பிட்டு ஒரே கோரிக்கைப் பட்டியலைக் கொடுங்கள், யாருக்கும் ஆதரவுத் தீர்மானம் போடாதீர்கள்.

பத்து வருஷமா அதே தலைவர், கணக்கும் காட்ட மாட்டேங்கிறார். என்ன செய்றது?

முன்பே சொன்ன மூன்று வருஷ விதி இங்கேதான் உதவும். தேர்தல் நடத்தாமல் தொடர முடியாது. முதலில் எழுத்து மூலமாக, ஸ்பீட் போஸ்ட்டில், பொதுக்குழு கூட்டச் சொல்லியும் கணக்கைக் காட்டச் சொல்லியும் கேளுங்கள். சங்கம் பதிவாளரிடம் தாக்கல் செய்த ஆவணங்களின் நகலை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி வாங்கலாம். எதுவுமே தாக்கல் செய்யவில்லை என்பதும் அங்கே தெரிந்துவிடும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால், அந்த 1975 சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி பதிவாளர் விசாரணை நடத்தலாம்.

அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். வேறு யாரும் முன்வராததாலேயே அவர் பத்து வருஷமாக இருக்கிறாரா? பல இடங்களில் உண்மை அதுதான். அப்படியானால், 'அடுத்த வருஷம் பொருளாளர் வேலையை நான் பார்க்கிறேன்' என்று கூட்டத்தில் எழுந்து சொன்னாலே சாவியும் புத்தகமும் சண்டையில்லாமல் கைமாறிவிடும்.

சங்கம் போடுற எல்லா ரூலுக்கும் கட்டுப்பட்டே ஆகணுமா? இன்னாருக்கு வீடு விடாதேன்னு சொல்றாங்க, நாய்க்குச் சோறு வைக்காதேன்னு சொல்றாங்க.

சட்டத்தை மீறுகிற தீர்மானத்துக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை, ஒருமனதாகப் போட்டிருந்தாலும். சாதி, மதம், சாப்பாடு, கல்யாணம் ஆகாதவர் என்றெல்லாம் பார்த்து வீடு விடக் கூடாது என்று சொல்ல எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை. அப்படிப் பேச்சு எழும்போதே எதிர்ப்பைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். மௌனமாக இருந்தால் சம்மதம் என்று எழுதிவிடுவார்கள். பொதுச் சாலைக்குக் கேட் போட்டுப் பூட்டி வெளியாட்களைத் தடுப்பதும் இதே வகைதான், அது உள்ளாட்சியின் சாலை. காய்கறி வண்டிக்காரரும் குப்பை எடுப்பவரும் அந்த வழியில் வர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தெருநாய் விஷயத்தில் 2023-ல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் நுழைவாயிலுக்கும் தள்ளி உணவு வைக்க ஓர் இடம் ஒதுக்கும் பொறுப்பைச் சங்கத்திடமே கொடுக்கின்றன. கண்ட இடத்தில் வைப்பதும் சரியில்லை, அடியோடு தடுப்பதும் சரியில்லை. கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாநகராட்சி வண்டியை வரவழைப்பதில் இரண்டு தரப்பும் சேர்ந்து நின்றால் பாதிச் சண்டை தீரும்.

வேலை மாற்றல்ல வேற ஊர் போறேன், வீடு இங்கதான் இருக்கு. உறுப்பினரா இருக்கலாமா?

பைலாவில் உரிமையாளர்களும் உறுப்பினர்கள் என்று இருந்தால் இருக்கலாம். சந்தாவை ஆன்லைனில் அனுப்பி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். செயற்குழுவில் பொறுப்பு இருந்தால் ராஜினாமாவை எழுதிக் கொடுத்து, மாற்றத்தைப் பதிவாளரிடம் தெரிவித்துவிட்டார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் அடுத்த கடிதமும் நோட்டீஸும் உங்கள் பெயருக்கே வரும். வங்கியில் கையெழுத்து அதிகாரம் இருந்தால் அதையும் மாற்றிவிட்டுப் போங்கள். புதிதாகக் குடிவருகிறவரின் போன் எண்ணை, அவர் சம்மதத்தோடு, தெருப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள், செப்டம்பர் கணக்கெடுப்புக்கு வேண்டும்.